பசை காயும் வரை

அத்தியாயம் 14

சுசோக் அறுவடைப் பண்டிகையன்று, பாதி கழுவிய தட்டைத் தொட்டியிலேயே போட்டுவிட்டு, "அந்த ஆளு நம்ம வீட்டு வாசப்படிய மிதிச்சா, நான் மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சியோலுக்கு ரயிலேறிய யூரிம், இப்போது அதே வாசப்படி முன்னால் பேரிக்காய்ப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

அன்றைக்கு நெருப்பைப் பற்றவைத்தது சித்தி. "உங்கம்மா கடைக்கு ஒருத்தர் தினம் வந்து முள்ளங்கி ஊறுகாய் வாங்கிட்டுப் போறாராம்டி. ஒண்டிக்கட்டை. அவ்வளவு முள்ளங்கிய வச்சு என்ன பண்ணுவாரு?" என்று சாப்பாட்டு நேரத்தில் சிரித்துக்கொண்டே போட்டு உடைத்தாள். அவருக்குத் தரை போடுகிற வேலை. குடும்பப் பெயர் பாங். "பாங்னாலே அறைதான். அறைக்குத் தரை போடுறவருக்குப் பேரே அறை!" என்று சொல்லித் தானே விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா மிரான் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. அந்த மௌனம்தான் யூரிமைக் கொளுத்தியது.

அதற்குப் பிறகு தாயும் மகளும் போனில் குளிரைப் பற்றியும் கிம்ச்சியைப் பற்றியும் மட்டுமே பேசினார்கள். போன வாரம் மிரான், "வீட்டுக்கு மரத்தரை போடறேன். கம்பெனி ஆளுங்க வந்து போடுவாங்க. நீ ஞாயித்துக்கிழமை சாயங்காலமா வா, எல்லாம் முடிஞ்சிருக்கும்" என்றாள்.

யூரிம் சனிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்காமலே சமாதானமாகிவிட வேண்டும் என்பது அவளுடைய திட்டம். பேரிக்காய் அதற்குத்தான்.

அடுக்குமாடி வீட்டுக் கதவுப் பூட்டின் எண்கள் மாறவில்லை. உள்ளே மரத்தூள் வாசனை மூக்கில் ஏறியது. பின்பக்க பால்கனியில் ரம்பம் ஓடுகிற சத்தம். பழைய மஞ்சள் வினைல் விரிப்பு போய், வெறும் சிமெண்ட் சாம்பலாகக் கிடந்தது. கூடத்தின் உள்கோடியில், அவளுடைய அறை வாசலை ஒட்டி, இரண்டு மூன்று வரிசை பலகைகள் பளிச்சென்று படுத்திருந்தன.

அந்த ஊரில் திருடன்கூடச் செருப்பைக் கழற்றாமல் வீட்டுக்குள் நுழைய மாட்டான். யூரிமும் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நாய்க்குட்டி படம் போட்ட காலுறையோடு சிமெண்டில் நடந்தாள். தரை வேலை நடக்கிற இடத்தில் ஷூவைக் கழற்றக் கூடாது என்று யோசிக்க மூளைக்கு அவகாசம் வேண்டாமா? கால் முந்திக்கொண்டுவிட்டது.

"ஏம்மா! நில்லுங்க! கால வைக்காதீங்க!"

பால்கனி வாசலில் ஒருவர், கையில் பலகையோடு, கண்ணெல்லாம் வெள்ளையாகத் தெரிய நின்றார். ஆனால் யூரிமின் வலது கால் ஏற்கெனவே சிமெண்டில் பூசியிருந்த பசைக்குள் இருந்தது. பதறி இடது காலையும் அதிலேயே வைத்தாள்.

வலது காலை இழுத்தாள். கால் வந்தது. காலுறை வரவில்லை. நாய்க்குட்டியின் முகம் ஒரு முழம் நீண்டு, திரும்பப் போய் ஒட்டிக்கொண்டது. ஒற்றைக் காலில், பேரிக்காய்ப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, ஆப்பசைத்த குரங்கு மாதிரி நின்றாள்.

"ஆடாம நில்லுங்க. விழுந்தீங்கன்னா முடியும் ஒட்டிக்கும், அப்புறம் மொட்டைதான் போடணும்" என்றார் அவர். சொல்லிக்கொண்டே அகலமான ஒரு பலகையை அவள் பின்னால் தள்ளினார். "இதுல உக்காருங்க. காலுறைய மறந்துடுங்க. அது இனிமே தரைக்குச் சொந்தம்."

யூரிம் உட்கார்ந்தாள். விரல் இடுக்கிலெல்லாம் பசை.

"எண்ணெய் தேய்ச்சா விடும். இருங்க." பூட்ஸ் காலோடு சமையலறைக்குள் போனவர், மேல் அலமாரியைத் திறந்து, கை நேராகப் போய் எடுத்த பாட்டிலோடு திரும்பினார்.

"ஐயோ, அது எள்ளெண்ணெய்! எங்கம்மா மில்லுல நின்னு ஆட்டி வாங்கினது. அதத் தொட்டீங்க, உங்களக் கொன்னுடுவாங்க!"

"ஐயையோ, ஆமாமா." அவர் பாட்டிலைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரும்பினார். "அன்னிக்கு ஒரு சொட்டு சிந்தினதுக்கே என்ன பேச்சு..."

பாதியில் நிறுத்தினார். ரொம்பத் தாமதமாக நிறுத்தினார்.

"என்னிக்கு?" என்றாள் யூரிம்.

அவர் சாதாரண எண்ணெயை எடுத்துவந்து, ஒரு துணியோடு அவள் பக்கத்தில் வைத்தார்.

"கம்பெனி ஆளுங்க வருவாங்கன்னாங்க எங்கம்மா. நீங்க எந்தக் கம்பெனி?"

"கம்பெனின்னு பெருசா எதுவும் இல்லம்மா. நான் ஒருத்தன்தான்."

"பேரு?"

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். நரைத்த கிராப்பில் மரத்தூள். "பில்ஜே" என்றார். பிறகு, வேறு வழியில்லாமல், "பாங் பில்ஜே."

யூரிமுக்கு மூக்குமேல் வந்தது கோபம். வாசப்படியை மிதித்தது மட்டுமல்ல, ஆள் வீடு முழுக்க பூட்ஸ் காலோடு திரிகிறார். இவள் அவர் முன்னால் வெறுங்காலோடு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அம்மா பொய் சொல்லியிருக்கிறாள். எதற்கு முதலில் கத்துவது என்றே தெரியவில்லை.

கத்தாமல், பேரிக்காய்ப் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு எழுந்தாள். எடை பரவட்டும் என்று அவர் புதுப் பலகைகள்மேல் இரண்டு அட்டைகளைப் போட்டார். அவள் அவற்றின் வழியே தன் அறைக்குப் போய், கதவைச் சாத்தினாள். சாத்தியதை எல்லாரும் கேட்க வேண்டும் என்கிற மாதிரி சாத்தினாள்.

அறையில் தரை நேற்றே முடிந்திருந்தது. ஓக் மரம், தேன் நிறம், கால் வைத்தால் ஜில்லென்றது. கட்டில், மேஜை, பள்ளிக்கூடத்துப் படக்கதைப் புத்தகங்கள், எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. புத்தகங்கள் மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக இருந்தன. அவள் ஒருநாளும் அப்படி அடுக்கியதில்லை.

குனிந்து கையால் தடவிப் பார்த்தாள். இடுக்கு தெரியவில்லை. நன்றாகத்தான் இருந்தது. அதுவே எரிச்சலாக இருந்தது.

கதவுக்கு வெளியே குரல் கேட்டது. "ஏம்மா, ஒரு விஷயம். நான் உள்ளருந்து வாசல் பக்கமா போட்டுக்கிட்டே போவேன். அட்டைய எடுத்துட்டா அப்புறம் யாரும் கால வைக்கக் கூடாது, நாளைக் காலை வரைக்கும். வெளிய வர்றதுன்னா இப்பவே வந்துடுங்க."

யூரிம் கதவுப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

"குளியலறை உங்க பக்கத்துலயே இருக்கு, அது பிரச்சினையில்ல. ஆனா ராத்திரி முழுக்க உள்ளதான் இருக்கணும். கேக்குதா?"

கேட்டது. வேண்டுமென்றே காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கட்டிலில் கவிழ்ந்து படுத்தாள். அப்பா இருந்திருந்தால் இதெல்லாம் நடக்குமா என்று நினைத்தாள். அப்பா இருந்திருந்தால் தரையே மாற்றியிருக்க மாட்டார், தரைக்கடியில் ஓடும் வெந்நீர்க் குழாயால் அந்த மஞ்சள் விரிப்பில் சூடு அதிகமாக ஏறுகிற மூலையில் படுத்துக்கொண்டு டிவி பார்த்திருப்பார் என்றும் நினைத்தாள். அழுகை வருமென்று எதிர்பார்த்தாள். தூக்கம்தான் வந்தது.

எழுப்பியது வயிறு.

கதவைத் திறந்தாள். அட்டைகளைக் காணோம். கூடம் பாதிக்குமேல் தேன் நிறமாகியிருந்தது. பில்ஜே அந்தக் கோடியில் மண்டியிட்டு, பல் வைத்த கொத்தனார் கரண்டியால் பசையை இழுத்து, பலகையைப் பதித்து, ரப்பர் சுத்தியால் இரண்டு தட்டு தட்டினார். கீழ்வீட்டுக்காரர்களுக்கு அம்மா முன்கூட்டியே பருப்பு வைத்த அரிசிக் கேக் கொடுத்திருப்பாள். இல்லாவிட்டால் இந்நேரம் சண்டைக்கு வந்திருப்பார்கள்.

"நான் வெளிய வரணும்" என்றாள் யூரிம்.

"நாளைக்குக் காலைல வரலாம்."

"நிஜமாவே வைக்கக் கூடாதா? ஓரமா?"

"வைக்கலாம். பலகை நகரும். நகர்ந்தா நான் எல்லாத்தையும் பேர்த்துட்டு மறுபடி போடணும். அப்புறம் நான் இன்னும் ரெண்டு நாள் உங்க வீட்டுலயே இருப்பேன். உங்க இஷ்டம்."

யூரிம் தூக்கிய காலை மெதுவாகப் பின்னால் வைத்தாள். அவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டது இங்கிருந்தே தெரிந்தது.

"பசிக்குதா?"

"இல்லை" என்று அவள் சொல்லும்போதே வயிறு கத்தியது. காலிக் கூடத்தில் அது எதிரொலித்தது.

பில்ஜே கையைத் துடைத்துக்கொண்டு தன் பையைத் திறந்தார். கடற்பாசித் தாளில் சோறு வைத்து உருட்டிய இரண்டு கிம்பாப் சுருள்கள், வெள்ளித் தாளில் சுற்றியவை. மீதியிருந்த பலகைகளில் நீளமானதாக ஒன்றை எடுத்து, அதன் நுனியில் ஒரு சுருளைப் பசைநாடாவால் ஒட்டி, மண்டியிட்டபடியே முன்னால் நீட்டினார். எட்டவில்லை. இன்னொரு பலகையை அதோடு சேர்த்துக் கட்டினார். கிம்பாப் ஆடி ஆடி வந்து அவள் முழங்கால் பக்கம் நின்றது.

வாங்கிக்கொள்ளாமல் இருக்கலாம் என்று ஒரு நொடி யோசித்தாள். ஒரே நொடிதான்.

ஒரு வாய் தின்றதுமே தெரிந்தது அம்மாவின் கை. "கேரட் இல்ல" என்றாள், வாய் நிறைய.

"எனக்குப் பிடிக்கும், கேரட்டு. ஒரு தடவ கேட்டும் பாத்தேன். 'எம் பொண்ணுக்குப் பிடிக்காது, அதனால என் கைக்குப் போட வராது'ன்னுட்டாங்க."

யூரிம் மென்றுகொண்டே அவரைப் பார்த்தாள். முழங்காலில் கட்டிய தடித்த பட்டைகள், தேய்ந்துபோனவை. ஆள் பார்க்க மோசமில்லை. அதற்காக விட்டுவிட முடியுமா?

"மேஸ்திரி, ஒண்ணு கேக்கறேன். சுத்தி வளைக்காம சொல்லணும்."

"கேளுங்க."

"எப்போ குடி வர்றீங்க?"

"எங்க?"

"இங்கதான். இந்தத் தரைக்கு."

பில்ஜே சுத்தியைக் கீழே வைத்தார். "உங்களுக்குத் தெரியாதா?" என்றார். "நான் கேட்டேன். உங்கம்மா வேணாம்னுட்டாங்க."

யூரிமின் வாயில் இருந்த கிம்பாப் அப்படியே நின்றது.

"எப்போ?"

"சுசோக் முடிஞ்சு அடுத்த வாரம். கடை வாசல்ல வச்சு. நான் முள்ளங்கிய வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

"அப்புறம் எதுக்கு வந்து தரை போடுறீங்க? வேணாம்னு சொன்னவங்களுக்கு?"

"தரை போட்டுத் தர்றேன்னு அதுக்கு முன்னாடியே சொல்லிட்டேனே. அவங்க வேணாம்னதும் நான் தரையும் இல்லைன்னா, தரையக் காட்டித்தான் பொண்ணு கேட்டேன்னு ஆயிடாதா?"

யூரிம் வெள்ளித் தாளைச் சின்ன உருண்டையாகக் கசக்கினாள்.

"ஏன் வேணாம்னாங்க?" என்று கடைசியில் கேட்டாள். குரல் தாழ்ந்துபோயிருந்தது.

"அத அவங்ககிட்டத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பலகையை எடுத்தார். டக், டக்.

கேட்கத் தேவையே இல்லை. பாதி கழுவிய தட்டு அவள் கண்முன் வந்தது. இந்த மனிதரை வேண்டாமென்று சொல்லத்தான் அவள் ஒன்றரை மாதமாக வாயில் வார்த்தைகளைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அம்மா அவளுக்கும் முன்னால் சொல்லி முடித்திருக்கிறாள். ஜெயித்தாகிவிட்டது. ஆனால் சந்தோஷத்தை எங்கே தேடியும் காணவில்லை. வெட்கமாக இருந்தது. அம்மா அந்த வாரம் போனில் என்ன பேசினாள் என்று நினைத்துப் பார்த்தாள். முட்டைக்கோஸ் இந்த வருஷம் நன்றாக வந்திருக்கிறது என்று பேசினாள்.

வெளியே வெளிச்சம் மங்குகிற நேரத்தில் கடைசிப் பலகை வாசலோடு சேர்ந்தது. அதே நேரத்தில் கதவு திறந்தது. மிளகாய்த்தூள் வாசனையும் சிவந்த கைகளும் சிவப்பு ஏப்ரனுமாக மிரான் வந்து நின்றாள்.

"அட அட அட! வீடா இது!" என்று வாயில் கை வைத்தவள், கூடத்தின் அந்தக் கோடியில் மகளைப் பார்த்தாள். கை வாயிலேயே நின்றுவிட்டது. "நீ... நாளைக்குத்தானேடி?"

"இன்னிக்கே வந்துட்டேன்."

"எப்படி உள்ள போன? பறந்தா?"

"பசைல நடந்து" என்றார் பில்ஜே. "காலுறை ஜோடியாப் பசைல மாட்டிக்கிச்சு. பேத்து எடுத்துப் பசையச் சுரண்டறதுக்குள்ள பாதி நாள் போச்சு." அவர் சாமான்களைப் பெட்டியில் போட்டபடி, மிரானின் முகத்தைப் பார்க்காமல் பேசிக்கொண்டே போனார். "பாய்லரப் போட்டு ராத்திரி தரையச் சூடாக்கக் கூடாது. குளிருதேன்னு பழக்க தோஷத்துல கை அங்க போகும்னு பொத்தான் மேல நாடா ஒட்டியிருக்கேன். பிச்சிடாதீங்க. அடில சூடு ஏறிச்சுன்னா பலகை சுருங்கிடும். நாளைக்குச் சுவரோரமா ஓரக்கட்டை அடிக்க என் சிநேகிதன் வருவான்."

"நீங்க?"

"நான் இப்பவே மலைக்கு அந்தப் பக்கம் காங்னுங் கிளம்பறேன். புது அடுக்குமாடி வேலை. வசந்தம் வரைக்கும் அங்கதான்."

"ஓ" என்றாள் மிரான். கையிலிருந்த பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள். உள்ளே என்ன என்று யாரும் கேட்கவில்லை. "பாத்து ஓட்டுங்க. மலைப்பாதைல பனி இருக்கும்."

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். யூரிமைப் பார்த்துத் தலை குனிந்தார். லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம் கேட்டது.

தாய் வாசலில். மகள் அறை வாசலில். நடுவில் யாரும் கால் வைக்கக் கூடாத தரை.

"கம்பெனின்னு பொய் சொன்னேன். தப்புதான்" என்றாள் மிரான். "திட்டு. நின்னு வாங்கிக்கிறேன்."

"அவரு கேட்டதையும் நீ வேணாம்னதையும் ஏன்மா எங்கிட்ட சொல்லல?"

மிரான் வாசல் படியில் உட்கார்ந்தாள். ஏப்ரன் நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"நான் சொன்னதுனாலதானே?"

"எம் பொண்ணுக்குப் பிடிக்கலன்னுதான் அவருகிட்ட சொன்னேன்."

"அம்மா, நான் ஒரு கோவத்துல..."

"இருடி. நான் முடிக்கல. அது பாதிதான் நெசம்." மிரான் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "உங்கப்பா போனப்புறம் ஒவ்வொண்ணாக் கத்துக்கிட்டேன். கடை வைக்க, குழாய் மாத்த, தனியா சாப்பிட. கடைசிதான் கஷ்டம். இப்ப அது பழகிடுச்சு. மறுபடி ஒருத்தர் எப்ப வருவாருன்னு வாசலப் பாத்துக்கிட்டு உக்காரணுமான்னு பயமா இருந்துச்சு. நீ வந்து கத்தினியா, வசதியாப் போச்சு."

"அப்ப என்னைச் சாக்கா வச்சிருக்க!"

"ஆமா."

"பெத்த பொண்ண!"

"வேற யாரு இருக்கா எனக்கு, சாக்கு வைக்க?"

யூரிம் முறைத்தாள். மிரானும் முறைத்தாள். யார் முதலில் என்று தெரியாது, இருவரும் சிரித்துவிட்டார்கள். ஒன்றரை மாதமாக அடைத்துக்கிடந்த சிரிப்பு, சீக்கிரத்தில் நிற்கவில்லை.

"சரி, இப்ப சொல்லு. அவரைப் பிடிச்சிருக்கா இல்லையா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள் யூரிம்.

மிரானின் காதுமடல் சிவந்துபோனது.

"அப்ப போய்க் கூப்பிடு. மறுபடி கேக்கச் சொல்லு."

"கேக்க மாட்டாரு. ரோஷக்காரரு. அன்னிக்கே சொல்லிட்டாரு, 'இனிமே இத எடுத்து உங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன்'னு. சொன்னா சொன்னதுதான்." மிரான் புதுத் தரையில் விரலை வைக்கப் போனவள், ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள். "இந்தத் தடவ நான்தான் கேக்கணும்."

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டு மகளைப் பார்த்தாள்.

"அப்ப என்னம்மா உக்காந்திருக்க? ஓடு!"

"ஏப்ரனோடயா?"

"ஏப்ரனோடதான்! காங்னுங் போயிட்டா வசந்தத்துலதான் வருவாரு!"

மிரான் எழுந்தாள். லிஃப்ட் பொத்தானை அழுத்துகிற சத்தம், அழுத்துகிற சத்தம், மறுபடி அழுத்துகிற சத்தம். பிறகு படிக்கட்டில் செருப்பு தடதடவென்று இறங்கியது.

யூரிம் ஜன்னலுக்கு ஓடினாள். ஐந்து மாடிக்குக் கீழே, வண்டிகள் நிறுத்துமிடத்தில், வெள்ளை வேன் ஏற்கெனவே பின்னால் வந்து திரும்பிக்கொண்டிருந்தது. அம்மாவைக் காணோம். வலிக்கிற முழங்காலோடு ஐந்து மாடி இறங்க வேண்டாமா?

ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். குளிர்காற்று முகத்தில் அறைந்தது.

"மேஸ்திரி!"

கேட்கவில்லை. வேன் கேட்டை நோக்கி நகர்ந்தது.

"மேஸ்திரீ! நில்லுங்க!"

எதிர்க் கட்டடத்தில் ஒரு ஜன்னல் திறந்தது. வேன் நிற்கவில்லை. இந்த மனிதரை எதைச் சொன்னால் நிறுத்தலாம்? யூரிமுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திரும்பித் தன் காலடியைப் பார்த்தாள். இடுக்கு தெரியாத, வழவழவென்ற ஓக் தரை.

ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி, மூச்சைப் பிடித்துக் கத்தினாள்.

"மேஸ்திரீ! தரை தூக்கிருச்சு! கூடத்து நடுவுல தூக்கிருச்சு! ஓடி வாங்க!"

வேனின் பின்விளக்கு பளீரென்று சிவந்தது.

வண்டி முழுதாக நிற்பதற்கு முன்பே கதவு திறந்தது. முழங்கால் பட்டைகூடக் கழற்றாத பில்ஜே குதித்து இறங்கி, தலைதெறிக்கக் கட்டடத்தை நோக்கி ஓடிவந்தார். அதே நொடியில் கட்டட வாசலில் ஏப்ரனின் சிவப்பு தெரிந்தது. வாசலுக்குமேல் இருந்த சின்னக் கூரை இருவரையும் மறைத்துக்கொண்டது.

யூரிம் எக்கிப் பார்த்தாள். கூரைதான் தெரிந்தது. காதைத் தீட்டினாள். எதிர்வீட்டு நாய் குரைப்பதுதான் கேட்டது. அறை வாசலுக்கு ஓடினாள். கூடத்துத் தரை துளி மேடில்லாமல் சமமாகக் கிடந்தது, அதில் ஒரு காலும் வைக்க முடியாது. மறுபடி ஜன்னலுக்கு ஓடினாள்.

கேட்டுக்கு முன்னால், கதவு திறந்தபடியே, வேனின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்க வெகுநேரம் யாரும் வரவில்லை.